கோடையில் துபாயிலிருந்து சலாலாவுக்குக் காரில்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

ஜூலை பிறந்துவிட்டால் எங்கள் பில்டிங்கில் யாராவது ஒருவர் வந்து கேட்பார்: “அண்ணே, சலாலா எவ்வளவு தூரம்? ஒரே மூச்சுல போயிடலாமா?” சலாலா ஓமானின் தெற்கே, கோடையிலும் குளிர்ந்திருக்கும் ஊர். துபாயிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போனவர்கள் இருக்கிறார்கள். ஐந்து தடவை போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிப் போகாதீர்கள்.

கேட்பவர்களில் பாதிப் பேர் ஹோட்டலை முதலில் புக் பண்ணிவிட்டு, வண்டியைப் பற்றிக் கிளம்பும் அன்று மாலையில்தான் யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். தயாராக அதிக நாள் பிடிப்பது எதுவோ அதை முதலில் தொடங்க வேண்டும். உடம்புக்கு இரண்டு வாரம், தாள்களுக்கு ஒரு வாரம், வண்டிக்கு மூன்று நாள். ஹோட்டல் புக் பண்ணப் பத்து நிமிடம் போதும்.

1. உடம்பைப் பழக்குங்கள் (இரண்டு வாரம் முன்பே)

ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரத்திலேயே இந்தப் பயணம் வேண்டாம். உடம்பு வளைகுடா வெயிலுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாகத்தான் இழக்கும். “வேலூர் வெயிலையே பார்த்தவன்” என்று நெஞ்சை நிமிர்த்துவது இங்கே செல்லாது. 2025 ஆகஸ்ட் 1 அன்று அல் ஐன் பக்கத்து ஸ்வைஹானில் 51.8 டிகிரி பதிவானது. நம் பாதை அல் ஐன் வழியாகத்தான் போகிறது.

பழக்குவதற்காக உச்சி வெயிலில் போய் நிற்க வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கோ பொழுது சாய்ந்த பிறகோ தினமும் முக்கால் மணி நேரம் நடந்தால் போதும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் நடைப்பயிற்சி எதற்கு?

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வெளியில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பது நல்ல கணக்கு. அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டரையும் தாண்டக் கூடாது. உப்பில்லாத வெறும் தண்ணீர் அளவு மீறினால் அதுவே தலைசுற்றலையும் வாந்தியையும் கொண்டுவரும். போதுமா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லிவிடும்: வெளிர் மஞ்சள் என்றால் சரி, தேநீர் நிறம் என்றால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். பக்காலாவில் (தெருமுனை மளிகைக் கடை) கிடைக்கும் உப்புப் போட்ட லபன் நம்ம ஊர் மோருக்கு அக்கா முறை. எனர்ஜி டிரிங்கைவிட அது எவ்வளவோ மேல். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரைக்காரர்கள் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துபோகும். புதிதாக வந்தவர்கள் பக்கெட்டில் பிடித்து ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாத்ரூம் கீசரின் சுவிட்சை மே மாதமே அணைத்துவிடுங்கள். பிறகு சிவப்புப் புள்ளி போட்ட குழாயைத் திறந்து குளியுங்கள். கீசர் ஏசி ஓடும் வீட்டுக்குள்ளே இருப்பதால் அதில் தங்கிய தண்ணீர் ஆறிப்போய் இருக்கும். மேலே தொட்டி கொதிக்கிறது, கீழே ஹீட்டர் குளிர்கிறது. இங்கே கோடை முழுக்க இப்படித்தான் ஓடும்.

ஏசி கெட்டுப்போன அறையில் ஃபேனை நம்பாதீர்கள். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் சூடான காற்றைத்தான் உங்கள் மேல் தள்ளும். துண்டை நனைத்து மேலே போட்டுக்கொண்டு, பக்கத்து ரூமுக்கோ மாலுக்கோ போய்விடுங்கள்.

2. தேதியை முடிவு செய்யுங்கள்

சலாலாவின் கரீஃப் பருவம் ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று கணக்கு. நமக்குத் தென்மேற்குப் பருவமழை தரும் அதே காற்றுதான் அங்கேயும். கடல் குளிர்ந்திருக்க, ஈரக்காற்று தோஃபார் மலைகளில் முட்டி மேகமும் தூறலுமாக நின்றுவிடும். மற்ற இடமெல்லாம் 45ஐத் தாண்டும்போது அங்கே 25 டிகிரி வாக்கில் இருக்கும்.

ஜூன் கடைசியில் போனால் பனிமூட்டம் இருக்கும், பச்சை இருக்காது. புல் முளைத்து மலை மூடுவதற்குச் சில வாரம் ஆகும். ஜூலை பின்பாதியும் ஆகஸ்டும் பச்சைக்குச் சிறந்தவை, கூட்டத்துக்கும்தான். நான் செப்டம்பர் முதல் வாரக்காரன்: பச்சை அப்படியே இருக்கும், பள்ளி திறந்திருக்கும், அறை வாடகை இறங்கியிருக்கும்.

3. தாள்களைச் சேருங்கள் (ஒரு வாரம் முன்பு)

பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்ல வேண்டும். அமீரக ரெசிடென்ஸ் விசா முடிய மூன்று மாதமாவது இருக்கட்டும். ஓமான் விசாவை ராயல் ஓமான் போலீஸின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். எல்லையில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய், குழந்தைகளை வைத்துக்கொண்டு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியின் முல்கியா (பதிவு அட்டை) உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பரின் வண்டி, கம்பெனி வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். பேங்க் லோன் ஓடிக்கொண்டிருந்தால் பேங்கிலும் கேட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஆரஞ்ச் கார்டில். அது ஓமானில் செல்லும் இன்ஷூரன்ஸ் தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு “ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு” என்று நினைப்பார்கள். பொதுவாக அது எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். உங்கள் வண்டிக்கு ஓமானில் அடிபட்டால் பணம் வருமா என்பதைத் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்காமல் போய், மோதிய பம்பரைச் சொந்தக் காசில் மாற்றியவன் நான்.

இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு ஹோட்டலைப் பிடியுங்கள். விசா அமையாதவர்கள் ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையோடு திருப்திப்படலாம். பசுமை கிடையாது, சமவெளியைவிடச் சில டிகிரி குறையும், அவ்வளவுதான்.

4. வண்டியைத் தயார்செய்யுங்கள் (மூன்று நாள் முன்பு)

முந்தின நாள் கராஜுக்குப் போகாதீர்கள். புதிதாக மாட்டியது ஏதாவது கசிந்தால் அது ஊருக்குள்ளேயே தெரிய வேண்டும். அதற்குத்தான் மூன்று நாள்.

டயர்தான் முதலில். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடத்தை நெருங்கியிருந்தால், பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும் மாற்றுங்கள். வெயிலில் ரப்பர் உள்ளேயே காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை.

காற்றில் ஒரு பெரிய மூடநம்பிக்கை உண்டு: “சூட்டுல காத்து விரியும், அதனால கம்மியா அடிங்க.” அது நேர்மாறு. காற்று குறைந்த டயர் ஓடும்போது பக்கவாட்டில் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்பி டயரை வெடிக்க வைக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுப் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை, காலையில் வண்டி நகரும் முன், டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். வழியில் அளந்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். பயந்து இறக்கிவிடாதீர்கள்.

பேட்டரி இங்கே இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. இரண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். அது எச்சரிக்கை கொடுக்காது. பெட்ரோல் பம்பில் வண்டியை அணைத்து மறுபடி திருகும்போது “டிக்” என்று ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும்.

கூலன்ட் நிலை, ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட் மூன்றையும் மெக்கானிக்கோடு சேர்ந்து நின்று பாருங்கள். ஒரு முறை நான் பார்க்காமல் விட்டதில், கராஜ்காரர் கூலன்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருந்தார். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் 120இல் ஒரு மணி நேரம் ஓடியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. கூலன்ட் கலந்த நீரின் கொதிநிலை உயரும், உள்ளே துருவும் பிடிக்காது. காசு கொடுப்பது அதற்குத்தான்.

கடைசியாக, மழையே பெய்யாத ஊரில் யாருக்கும் தோன்றாத ஒன்று: வைப்பர். வருடம் முழுக்க வெயிலில் காய்ந்த ரப்பர், சலாலா மலையில் முதல் தூறல் விழும்போது கண்ணாடியில் சேற்றைத் தடவிவிட்டுப் போகும். புது வைப்பர் மாட்டி, தண்ணீர் டப்பாவையும் நிரப்பிவிடுங்கள்.

5. ஏற்ற வேண்டியதும் இறக்க வேண்டியதும்

ஆளுக்கு ஆறு லிட்டர் குடிநீர், அதற்கு மேல் வண்டிக்கும் நனைத்துக்கொள்ளவும் ஒரு பத்து லிட்டர். இது குடித்துத் தீர்ப்பதற்கு அல்ல, வண்டி நின்றுபோனால் என்பதற்கு. ஓஆர்எஸ் பொட்டலம் பத்து. இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். கண்ணாடிக்கு மறைப்பு, இரண்டு பருத்தித் துண்டு, குடை, டார்ச், ஜம்பர் கேபிள், கையுறை. கையுறை எதற்கு என்று கேட்பவர்கள் மதியம் வீல் ஸ்பேனரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

காரில் விட்டுவைக்கக் கூடாதவை: பவர் பேங்க், லைட்டர், சென்ட் பாட்டில், டியோடரன்ட் ஸ்ப்ரே, இன்சுலின். நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். என் பவர் பேங்க் ஒன்று பூரி மாதிரி உப்பிக்கொண்டது, நல்லவேளை தீப்பிடிக்கவில்லை. இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஐஸில் நேராகப் படவிடாதீர்கள், உறைந்தாலும் அது கெட்டுவிடும்.

குழந்தையை, ஏசி ஓடினாலும், காரில் தனியாக விட்டு இறங்கவே கூடாது.

6. கிளம்பும் நேரம்

“அண்ணே, நைட்டுல ஓட்டினா குளுகுளுன்னு இருக்கும், வண்டியும் சூடாகாது.” புதிதாகப் போகிற எல்லோரும் சொல்வது இதுதான். நான் ஒத்துக்கொள்ளாத இடமும் இதுதான்.

ஓமானுக்குள் ஆதம் என்ற ஊரைத் தாண்டினால் வெளிச்சமில்லை, பல இடத்தில் வேலியும் இல்லை. ஒட்டகம் மணல் நிறம், வண்டி விளக்கில் அதன் கண்ணும் உடம்பும் நமக்கு மேலே இருக்கும், கால்தான் தெரியும். 120இல் போகும் கார் ஒரு விநாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, பிரேக்கில் கால் வைத்து, நிற்பதற்குள் நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். இறக்கிய விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது. மோதினால் ஒட்டகத்தின் கால் ஒடிந்து, அதன் முழு உடம்பும் கண்ணாடி வழியாக உள்ளே வரும்.

எங்கள் ரூம் தம்பி ஒருவன் சொல்லச் சொல்லக் கேட்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினான். பாலைவன நடுவில் இருக்கும் ஹைமா ஊருக்கு முன்னால், நடு ரோட்டில், சூடு ஆறாத தாரில் ஒட்டகம் ஒன்று காலை மடக்கிப் படுத்திருந்திருக்கிறது. பத்தடி தள்ளி வண்டி நின்றது. ஏசி முழுசாக ஓடியும் சட்டை நனைந்துபோய் உட்கார்ந்திருந்தானாம். ஒட்டகம் எழுந்திருக்கக்கூட இல்லை.

பகலில் இருக்கும் பெரிய பயம் வண்டி நின்றுபோவது. அதற்குத்தான் நான்காவது, ஐந்தாவது படிகள். இரவின் ஆபத்துக்கு அப்படி எந்தத் தயாரிப்பும் கிடையாது. தூக்கமும் விடியலுக்கு முன்புதான் ஆளை அடிக்கும்.

ஆகவே இரண்டு நாள் திட்டம் போடுங்கள். அதிகாலை 4 மணிக்குத் துபாய். அல் ஐன் வரை விளக்குப் போட்ட சாலை. 6 மணிக்கு எல்லையில் இருந்தால் கூட்டம் குறைவு, அதற்குள் விடிந்துமிருக்கும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு ஹைமா. அங்கே சாதாரண ஹோட்டல்கள் உண்டு, அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள். இரவு தூங்கி, காலை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் மதியச் சாப்பாடு சலாலாவில்.

7. வழி

துபாய் – அல் ஐன் – மெஸ்யத் எல்லை – இப்ரி – ஆதம் – ஹைமா – தும்ரைத் – சலாலா. துபாய் எல்லையைத் தாண்டி அபுதாபிப் பகுதிக்குள் போனதும் கவனம். துபாயில் பலகை வேகத்துக்கு மேல் 20 வரை கேமரா விடும். அபுதாபியில் அந்தச் சலுகை 2018லேயே போய்விட்டது. அல் ஐன் அபுதாபியைச் சேர்ந்தது. பழக்கத்தில் மிதித்துவிட்டுத் திரும்பி வந்து ஃபைன் பார்ப்பவர்கள் ஏராளம். ஓமானிலும் 120 என்றால் 120 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் முதலில் அமீரகத்தின் வெளியேறும் முத்திரை, கட்டணம். பிறகு ஓமான் பக்கம் விசா, வண்டிச் சோதனை, ஆரஞ்ச் கார்டு. முன்னால் போகிற வண்டியைப் பின்தொடர்ந்து வெளியேறும் முத்திரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள், திரும்பி வரவேண்டியிருக்கும். ஒரு ஓமான் ரியால் ஒன்பதரை திர்ஹம்; விலைப்பட்டியலில் சின்ன எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆதத்துக்குப் பிறகு ஒரே விதி: டேங்க் பாதியானால் நிரப்பு. காபா, ஹைமா, கஃப்தைன், கித்பித், தும்ரைத் என்று பம்புகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் கரண்ட் இல்லை என்றால் அடுத்தது வெகுதூரம். சிக்னல் அறுந்து அறுந்து வரும், மேப்பை முன்பே போனில் இறக்கிவையுங்கள்.

இந்த ரோட்டில் எதிரும் புதிருமாக ஒரே வழியில் ஓடும் பகுதிகளில்தான் பெரிய விபத்துகள் நடக்கும். டேங்கர் லாரியை முந்தும் அவசரத்தில் தூரத்துக் கானலை வெறும் ரோடு என்று நினைத்துவிடுவோம். கானலுக்குள்ளிருந்து எதிர் வண்டி வெளியே வரும். பகலிலும் ஹெட்லைட் போடுங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியிலேயே மணிக்கணக்கில் விடாதீர்கள், நான்கு பேர் மூச்சுவிட்ட காற்று கண்ணைச் சொக்கவைக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள்.

8. வண்டியோ ஆளோ நின்றுவிட்டால்

முள் ஏறுகிறதா? ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ஜன்னலைத் திறந்து ஓரம் கட்டுங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். நமக்கு வேகும், இன்ஜின் பிழைக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வண்டி நின்றேவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு மனிதன் தெரியமாட்டான், கார் தெரியும். பானெட்டைத் தூக்கிவையுங்கள், காரின் நிழல் பக்கம் எதையாவது விரித்து உட்காருங்கள், ஓமானில் 9999க்குப் போன் பண்ணுங்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, ஏராள வியர்வை என்றால் நிழல், ஓஆர்எஸ், ஓய்வு. பேச்சு குழறினால், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்க்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், வியர்த்துக்கொண்டேயும் அது வரும். உதவிக்கு ஒருவர் போன் பண்ண, இன்னொருவர் சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

9. மலை இறக்கம்

தும்ரைத் வரை பொட்டல். அங்கிருந்து சலாலா 80 கிலோமீட்டர்தான். போன தடவை தும்ரைத்தில் டாஷ்போர்டு 43 காட்டியது. முக்கால் மணி நேரம் கழித்து மலை விளிம்பில் 38, 33, 29 என்று ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் சரிந்து, 24இல் வந்து நின்றது. எல்லோரும் ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினார்கள். நானும்தான். அந்த நொடிதான் டிரைவருக்கு ஆகாத நொடி.

ஏனென்றால் அதே இடத்தில் பனி மூடும், ரோடு வழுக்கும், இறக்கம் தொடங்கும். வேகத்தை மேலேயே குறையுங்கள். கியரைத் தாழ்த்தி இறங்குங்கள். பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கிய ஹெட்லைட், ஃபாக் லைட் போதும். ஹைபீம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிடாதீர்கள், நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

கண்ணாடி வெளிப்பக்கம் மங்கினால் வைப்பரைப் போட்டு ஏசியின் குளிரைக் குறையுங்கள். உள்பக்கம் மங்கினால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு துண்டால் தேய்த்தபடி ஓட்டுபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

10. சலாலாவில்

இங்கே வழிகாட்டி தேவையில்லை. தென்னை, வாழை, பப்பாளி, ரோட்டோர இளநீர்க் கடை. நாகர்கோவில்காரர்கள் ஒரு நிமிடம் குழம்பிப்போவார்கள். வாதி தர்பாத்தும் இத்தீன் சமவெளியும் காலை எட்டு மணிக்கு முன் போனால் காலியாக இருக்கும். முக்சைலில் கடல் கம்பிவேலிக்கு அப்பால் ஒரு அடிகூட வைக்காதீர்கள். கரீஃபில் அந்த அலை ஆளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஈரப் புல்வெளியில் காரை ஏற்றாதீர்கள், சேற்றில் புதைந்தால் டிராக்டர்தான்.

11. திரும்பும்போது

மூன்று நாள் 25 டிகிரியில் இருந்துவிட்டு ஒரே மணி நேரத்தில் 43க்கு ஏறுகிறீர்கள். போகும்போது குடித்த அளவு திரும்பும்போது யாரும் குடிப்பதில்லை, தலைவலி வருவது அதனால்தான். சலாலாவிலேயே டயர் காற்றைக் காலையில் பாருங்கள், கடல் உப்பும் சேறும் போக அடிப்பாகத்தைக் கழுவுங்கள், மறுபடியும் ஹைமாவில் ஓர் இரவு தங்குங்கள். திங்கள்கிழமை டியூட்டி இருக்கிறது என்று இந்தத் தடவை மட்டும் இரவில் ஓட்டத் தோன்றும். அதற்குத்தான் லீவில் ஒரு நாள் கூடச் சேர்த்துக் கேட்கச் சொல்வது.

கிளம்பும்போது வீட்டு ஏசியை முழுசாக அணைத்திருந்தால், உள்ளே சுவரே அடுப்பாகியிருக்கும், அலமாரியில் பூஞ்சையும் பிடித்திருக்கலாம். 28இல் ஓடவிட்டுப் போங்கள். வந்ததும் குளிக்க மறக்காமல் சிவப்புப் புள்ளிக் குழாயையே திறங்கள்.